பெல்ட்டில் ஓடிய 6 சென்ரிமீற்றர்

இரத்மலானையில், காலி வீதியிலிருந்து உட்புறமாகத் திரும்பும் ஒழுங்கை ஒன்றில் அந்தத் தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. தேயிலை அங்கே விளைவதுமில்லை, வறுபடுவதுமில்லை. மலையிலிருந்து வந்ததைப் பக்கற்றில் அடைப்பதோடு சரி. இரண்டாவது வரிசையின் முடிவில் 200 கிராம் பக்கற்றுகள் பெல்ட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, நிற்காமலே ஒரு தராசைக் கடக்கும். நிறை குறைந்த பக்கற் ஏதும் வந்தால், தராசிலிருந்து 62 சென்ரிமீற்றர் தள்ளியிருக்கும் காற்றுக்குழல் ஊதி அதைப் பக்கத்துக் கூடைக்குள் தள்ள வேண்டும்.

நான் போய் நின்ற அன்று சில பக்கற்றுகள் நடுவில் அடிபட்டு ஒழுங்காகக் கூடைக்குள் விழுந்தன. சில வாலில் அடிபட்டு, அரைவட்டம் சுழன்று, பெல்ட்டிலேயே குறுக்காகப் படுத்துக்கொண்டன. பின்னால் வந்தவை அவற்றில் முட்டி ஒன்றன்மேல் ஒன்று ஏறின. பராமரிப்புப் பிரிவின் மூத்தவர், ஹட்டன் பக்கத்துக்காரர், சிவப்பு ஆளியை அமத்தி வரிசையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"பாருங்கள் மிஸ். இது ஊதுகிறதா, தும்முகிறதா?"

தும்மல்தான். அந்தத் தும்மலுக்கு நிரல் எழுதியதும் நான்தான்.

அதற்கு ஒரு முன்கதை உண்டு. 2022இல் இந்த வரிசையின் பழைய பிஎல்சி, அதாவது இயந்திரத்தை நடத்தும் சிறு கணினி, செத்துப்போனது. அதே போல இன்னொன்றை இறக்குமதி செய்ய வங்கியில் எல்சி (கடன் கடிதம்) திறக்க டொலர் இல்லை. நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு, எரிபொருளுக்கு வரிசை, அந்தக் காலம். எங்கள் சிறிய குழு கையிலிருந்த ஒரு ஏஆர்எம் கணினிப் பலகையில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, உள்ளீடு வெளியீட்டு அட்டை ஒன்றைப் பூட்டி, அதையே கன்ட்ரோலராக்கினோம். தராசுடன் பேச மொட்பஸ் டிசிபி, அதாவது கருவிகள் வலையமைப்பில் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஒரு நெறிமுறை. 1979இல் மொடிகான் நிறுவனம் தன் பிஎல்சிகளுக்காக உருவாக்கிய மொட்பஸ், பிற்காலத்தில் ஈதர்நெட்டின் மேல் ஏறி இன்றுவரை தொழிற்சாலைகளை விட்டு இறங்க மறுக்கிறது. எளிமையானது, ஆவணங்கள் தாராளமாகக் கிடைக்கும், பல தராசுகள் அதைப் பேசும். அந்த நெறிமுறைக்கான மென்பொருள் நூலகம் ஒன்றை இலவசமாக எடுத்து இணைத்துக்கொண்டேன். வேலை செய்தது. பெல்ட் மெதுவாக ஓடிய வரைக்கும் வேலை செய்தது.

இப்போது ஏற்றுமதிக் கட்டளைகள் கூடி, பெல்ட்டின் வேகத்தை நிமிடத்துக்கு 30 மீற்றராக உயர்த்தியிருந்தார்கள். செக்கனுக்கு அரை மீற்றர். அன்றிரவு வெள்ளவத்தைக்குத் திரும்பும் பஸ்ஸில் இருந்தபடி மனதுக்குள் ஒரு மாற்று விகிதத்தை எழுதிக்கொண்டேன்: இந்தத் தொழிற்சாலையில் 1 மில்லிசெக்கன் என்றால் அரை மில்லிமீற்றர். கணினியியலின் முன்னோடி கிரேஸ் ஹொப்பர், ஒரு நனோசெக்கனில் ஒளி செல்லும் தூரத்தைக் காட்ட ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் நீளமான கம்பித் துண்டுகளைக் கூட்டங்களில் விநியோகிப்பாராம். என் கம்பித் துண்டு இந்த அரை மில்லிமீற்றர். பக்கற்றின் அகலம் 10 சென்ரிமீற்றர். அடி ஒரு முறை நடுவிலும் மறுமுறை வாலிலும் விழுகிறது என்றால், எங்கோ 100 மில்லிசெக்கனுக்கு மேல் தள்ளாடுகிறது, பெல்ட்டில் 5, 6 சென்ரிமீற்றர். இது சின்னப் பிழையல்ல. கணினியின் கணக்கில் அது ஒரு யுகம்.

மறுநாள் கூட்டத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொன்ன தீர்வு: ஜிகாபிட் சுவிட்ச், வலையமைப்புக் கம்பிகளை இணைக்கும் பெட்டியில் வேகமான ரகம். இந்த நாட்டில் எந்த வலையமைப்புப் பிரச்சினைக்கும் முதலில் வாங்கப்படுவது சுவிட்ச்தான். தலைவலிக்கு சித்தாலேப போல. புறக்கோட்டையில் யாரிடம் மலிவாகக் கிடைக்கும் என்பது வரை பேச்சுப் போய்விட்டது. ஒரு செய்தி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையை நான் ஓட்டிக் காட்டினேன். தராசுக்குப் போய்த் திரும்ப அரை மில்லிசெக்கன்கூட ஆகவில்லை. "அப்படியென்றால் வலையமைப்பு நல்லாகத்தான் இருக்கிறது, உங்கள் நிரல்தான் பிழை" என்றார் ஒருவர். அவர் சொன்னது பாதி சரி என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு அது இனிக்கவில்லை.

கோபத்தில் வெள்ளைப்பலகையில் கணக்குப் போட்டேன். நாங்கள் தராசுக்கு அனுப்பும் கேள்வி வெறும் 12 பைட். தலைப்புகள் எல்லாம் சேர்ந்தாலும் 100 பைட்டைத் தாண்டாத ஒரு சட்டகம். 100 மெகாபிட் கம்பியில் அது ஏறி முடிய 7 அல்லது 8 மைக்ரோசெக்கன் போதும். சமிக்ஞை கம்பியில் மீற்றருக்கு 5 நனோசெக்கன் அளவில் ஓடும். எங்கள் கேபிள் 30 மீற்றர், ஆகவே 0.15 மைக்ரோசெக்கன். ஜிகாபிட்டுக்கு மாறினால் மிச்சமாவது ஏறக்குறைய 7 மைக்ரோசெக்கன். அந்த நேரத்தில் பெல்ட் 3.5 மைக்ரோமீற்றர் நகரும். தலைமயிரின் தடிப்பைவிடப் பல மடங்கு குறைவு. நாங்கள் தேடுவதோ 6 சென்ரிமீற்றர்.

சுவிட்ச் வாங்கும் பேச்சு அத்துடன் நின்றது. மனவருத்தமும் மிஞ்சியது, அதை இன்றுவரை முழுதாகத் தீர்க்கவில்லை.

கம்பியில் நேரம் போகவில்லை என்றால், யாரோ எங்கோ காத்திருக்கிறார்கள். யார், யாருக்காக என்பதை ஊகத்தால் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே இரவுப் பணிமுறையில் போய், சுவிட்சின் ஒரு வாயிலில் ஓடுவதன் பிரதி எனக்கும் வரும்படி செய்து, வலையமைப்பை ஒட்டுக்கேட்கும் வயர்ஷார்க் மென்பொருளை என் மடிக்கணினியில் திறந்து, கன்ட்ரோலருக்கும் தராசுக்கும் இடையில் ஓடும் ஒவ்வொரு தரவுப் பொதியையும் பிடித்தேன். பொதிகளுக்கு இடையிலான நேரத்தை மட்டும் ஒரு பத்தியாக வைத்து மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு போனேன். இலட்சணமாகத் தெரிந்தது.

கன்ட்ரோலர் 7 பைட் அனுப்புகிறது. அமைதி. 40 மில்லிசெக்கன் கழித்துத் தராசிடமிருந்து "வந்து சேர்ந்தது" என்ற வெறும் ஒப்புகை மட்டும் வருகிறது. உடனே கன்ட்ரோலர் மிச்சம் 5 பைட்டை அனுப்புகிறது. அடுத்த மில்லிசெக்கனுக்குள் பதில் வந்துவிடுகிறது. பிறகு அடுத்த கேள்வி. மறுபடியும் 7 பைட், 40 மில்லிசெக்கன் மௌனம், 5 பைட், பதில். நூற்றுக்கணக்கான வரிகள், ஒரே தாளம்.

ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. மொட்பஸ் டிசிபியில் ஒரு கேள்விக்கு முன்னால் 7 பைட் தலைப்பு இருக்கும். அதன் பின் செயற்குறியீடு, எந்தப் பதிவேட்டிலிருந்து, எத்தனை பதிவேடு என்ற 5 பைட். பதிவேடு என்பது தராசு தன் எண் ஒன்றை வைத்திருக்கும் நினைவுப் பெட்டி. நான் எடுத்த நூலகத்தை எழுதியவர் தலைப்பைத் தனியாக ஒரு முறையும் உடலைத் தனியாக ஒரு முறையும் சொக்கெட்டில், அதாவது நிரலிலிருந்து வலையமைப்புக்குப் போகும் வாசலில், எழுதியிருந்தார். வாசிக்க அழகான நிரல். தலைப்புக்கு ஒரு செயல், உடலுக்கு ஒரு செயல். பாடசாலையில் புள்ளி கிடைக்கும் அழகு அது.

அந்த அழகு எப்படி 40 மில்லிசெக்கனைத் தின்றது என்பதற்கு 1984க்குப் போக வேண்டும். போர்ட் ஏரோஸ்பேஸ் நிறுவனத்தில் இருந்த ஜோன் நேகிள் அந்த ஆண்டு எழுதிய ஆர்எஃப்சி 896 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில் ஒரு வீண்செலவைச் சுட்டிக்காட்டினார். தொலைவிலுள்ள கணினியில் யாரோ ஓர் எழுத்தைத் தட்டுகிறார். அந்த 1 பைட்டைச் சுமக்க 40 பைட் தலைப்புடன் 41 பைட் பொதி புறப்படுகிறது. மெதுவான இணைப்புகளை இது அடைத்துவிடும். அவரின் பரிகாரம் சுருக்கமானது: அனுப்பிய தரவுக்கு இன்னும் ஒப்புகை வராத நிலையில், அடுத்த சிறு துண்டை உடனே அனுப்பாதே, ஒப்புகை வரட்டும், அல்லது ஒரு முழுப் பொதி அளவுக்குச் சேரட்டும்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. 100ஆம் இலக்கத் தனியார் பஸ் அதைத்தான் செய்கிறது. இரண்டு பேருடன் புறப்பட மாட்டார். ஆள் நிரம்ப வேண்டும், இல்லாவிட்டால் டைம் கீப்பர் விரட்ட வேண்டும். வீதிக்கு அது நல்லதுதான். ஆனால் நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர் அந்த இரண்டு பேரில் ஒருவராக இருந்தால், அவரிடம் வீதி நெரிசலின் பொருளியலைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.

இது தனியாக இருந்திருந்தால் பெரிய கெடுதல் இல்லை. ஒப்புகை அரை மில்லிசெக்கனில் வந்துவிடும், மிச்சம் 5 பைட்டும் புறப்பட்டுவிடும். ஆனால் மறுமுனையிலும் ஒரு சிக்கனக்காரர் இருக்கிறார். தராசு நினைக்கிறது: 7 பைட் வந்திருக்கிறது, இதற்கு வெறும் ஒப்புகையை அனுப்பி ஏன் ஒரு பொதியை வீணாக்க வேண்டும், சற்றுப் பொறுத்தால் எப்படியும் பதில் அனுப்ப வேண்டி வரும், அத்துடன் சேர்த்து அனுப்பலாம். இது தாமதித்த ஒப்புகை. 1989இல் வந்த ஆர்எஃப்சி 1122 இதை ஊக்குவிக்கிறது. அரை செக்கனைத் தாண்டக் கூடாது என்பது மட்டும்தான் கட்டளை. லினக்ஸில் இந்தத் தாமதம் குறைந்தது 40 மில்லிசெக்கன். பழைய பெர்க்லி யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களிலும் விண்டோஸிலும் 200 வரை போகும். சின்னக் கருவிகளில் பரவலாக உள்ள எல்டபிள்யுஐபி என்ற வலையமைப்பு மென்பொருள் 250 மில்லிசெக்கனுக்கு ஒரு முறை துடிக்கும் கடிகாரத்தை வைத்திருக்கிறது. எங்கள் தராசுக்குள்ளேயும் லினக்ஸ் இருக்கிறது என்பதை இந்த 40தான் காட்டிக்கொடுத்தது. விபரக் கையேட்டில் ஒரு வார்த்தை இல்லை.

ஆக, கன்ட்ரோலர் ஒப்புகைக்காகக் காத்திருக்கிறது. தராசு கேள்வியின் மீதிக்காகக் காத்திருக்கிறது. இருவரும் நல்லவர்கள், இருவரும் வலையமைப்பின் நன்மைக்காகவே பொறுக்கிறார்கள். வாசலில் நின்று "நீங்கள் முதலில்", "இல்லை இல்லை, நீங்கள்" என்று உபசரித்துக்கொண்டு மற்றவர்களையும் உள்ளே விடாத இரண்டு சம்பந்திகளைப் போல. 40 மில்லிசெக்கன் கழித்துத் தராசின் கடிகாரம் அடித்து உபசாரத்தை முடித்து வைக்கிறது.

இதற்கு மேல் என் சொந்தப் பங்களிப்பும் இருந்தது. நிறைக்கு ஒரு கேள்வி, நிலைக்கு ஒரு கேள்வி, எண்ணிக்கைக்கு ஒரு கேள்வி என்று ஒரு சுற்றுக்கு மூன்று கேள்விகள் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் 41 மில்லிசெக்கன்; சுற்றுக்கு 123. ஒரு பக்கற்றின் நிறை தயாரான அடுத்த கணமே சில வேளை அதைக் கேட்பேன், சில வேளை முழுச் சுற்றும் சுற்றி வந்து கேட்பேன். அந்த வித்தியாசம் பெல்ட்டில் 6 சென்ரிமீற்றர். தும்மலின் முகவரி கிடைத்துவிட்டது.

வீட்டில் சோதித்தபோது இது ஏன் தெரியவில்லை என்று பலர் கேட்டார்கள். செக்கனுக்கு ஒரு கேள்வி அனுப்பி, திரையில் எண் மாறுவதைக் கண்ணால் பார்த்துச் "சரி" என்றவள் நான். கண் இமைப்பதற்கே 41 மில்லிசெக்கனை விடக் கூடுதலாக எடுக்கும்.

திருத்தம் அரை மணி நேர வேலை. 12 பைட்டையும் ஒரே இடத்தில் சேர்த்து ஒரே தடவையில் எழுதச் செய்தேன். கூடவே டிசிபி நோடிலே என்ற தெரிவையும் போட்டேன். நேகிளின் காத்திருப்பை அது அணைத்துவிடும். இந்தத் தெரிவை மட்டும் போட்டுவிட்டு எழுந்து போகும் பழக்கம் பலருக்கு உண்டு, எனக்கு அது பிடிக்காது. துண்டு துண்டாக எழுதுவதை அப்படியே விட்டால் ஒரு கேள்வி இரண்டு பொதியாகப் போகும். ஒரு கேள்வி எப்போதும் ஒரே பொதியில்தான் வரும் என்று நம்பிக்கொண்டிருக்கும் சில மலிவான கருவிகள் அதைக் கண்டு குழம்பும். நோயை விட்டுவிட்டு இருமலை அடக்குவது அது. மூன்று கேள்விகளையும் ஒன்றாக்கினேன். பதிவேடுகள் அடுத்தடுத்து இருந்தன, மொட்பஸ் ஒரே கேள்வியில் 125 பதிவேடு வரை தரும். 123 மில்லிசெக்கன் ஒரு மில்லிசெக்கனுக்குள் வந்துவிட்டது.

பக்கற்றுகள் வரிசையாக நடுவில் அடிபட்டு விழுந்தன. மூத்தவர் ஒரு தட்டில் பற்றிஸும் பிளேன்ரீயும் வரவழைத்தார். அந்தத் தேநீர் அந்தத் தொழிற்சாலையின் மிகத் தரம் குறைந்த தூளில் போட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். நல்லதெல்லாம் ஏற்றுமதிக்கு.

மூன்றாம் நாள் அழைப்பு வந்தது. "மிஸ், இப்போது தும்மவில்லை. ஆனால் இன்றைக்குக் காலையில் ஒரு நல்ல பக்கற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, நிறை குறைந்ததைப் போக விட்டுவிட்டது."

ஒரு பக்கற்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 25 சென்ரிமீற்றர். அடுத்ததை அடிக்க வேண்டுமானால் 400, 500 மில்லிசெக்கன் தாமதம் வேண்டும். சராசரியைப் பார்த்தால் ஒரு மில்லிசெக்கனுக்குக் கீழே அழகாகப் படுத்திருக்கிறது. நான் எல்லோரிடமும் பெருமையாகக் காட்டிய வரைபடமும் சராசரிதான். அங்கேதான் என் தவறு. பெல்ட்டுக்குச் சராசரி தெரியாது. நாளொன்றுக்குப் பல ஆயிரம் பக்கற்றுகள் சரியாக விழுந்து, ஒன்று தவறினால், அந்த ஒன்று எங்கோ ஒரு கடை அலுமாரியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இந்த முறை சராசரியை விட்டுவிட்டு மிக மோசமான எண்ணை மட்டும் பதியச் சொன்னேன். ஒவ்வொரு சுற்றும் எவ்வளவு நேரம் எடுத்தது, அதுவரை கண்டதிலேயே பெரியது எது, எத்தனை மணிக்கு. ஒரு பகலும் ஓர் இரவும் ஓடியபின் பார்த்தால், பெரிய எண்கள் எல்லாம் நிறைகளைப் பதியும் கோப்பு எழுதப்படும் நேரங்களுடன் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு பக்கற்றின் நிறையையும் எஸ்டி அட்டையில் எழுதிவைக்கத் தனியாக ஓர் இழை, நிரலுக்குள் சமாந்தரமாக ஓடும் ஒரு வேலை, இருந்தது. எஸ்டி அட்டை எழுதுவதாகச் சொல்லும். பெரும்பாலும் உடனே எழுதும். இடைக்கிடை உள்ளே தன் பழைய பக்கங்களை அழித்து ஒழுங்குபடுத்துவதில் மூழ்கி, சில நூறு மில்லிசெக்கன் யாருக்கும் பதில் சொல்லாது. அந்த இழை எழுதும்போது ஒரு பூட்டைக் கையில் வைத்திருந்தது, ஒரு நேரத்தில் ஓர் இழைதான் அதை வைத்திருக்கலாம். கட்டுப்பாட்டு இழைக்கும் அதே பூட்டு வேண்டும். அட்டை கூட்டிப் பெருக்கி முடியும் வரை வரிசை முழுவதும் பூட்டுக்கு வெளியில் நின்றது.

இது பெரிய இடங்களிலும் நடந்த கதை. 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் தன்னைத்தானே மீளத் தொடக்கிக்கொண்டே இருந்தது. வானிலைத் தரவு சேர்க்கும் தாழ்ந்த முன்னுரிமைப் பணி ஒரு பூட்டை வைத்திருக்க, நடுத்தர முன்னுரிமைப் பணி ஒன்று குறுக்கே புகுந்து அதை ஓடவிடாமல் தடுக்க, மேலான முன்னுரிமைப் பணி பட்டினி கிடந்தது. காத்திருப்பவரின் முன்னுரிமையைப் பூட்டை வைத்திருப்பவருக்குக் கடத்தும் வசதியை பூமியிலிருந்தே இயக்கித் திருத்தினார்கள். எனக்கு அந்த மருந்து உதவாது. என் பூட்டைப் பிடித்திருந்தவர் செயலிக்காகக் காத்திருக்கவில்லை, அட்டைக்காகக் காத்திருந்தார். அவருக்கு எவ்வளவு பெரிய முன்னுரிமை கொடுத்தாலும் அட்டைக்குத் தெரியப்போவதில்லை. ஆகவே பூட்டையே எடுத்துவிட்டேன். கட்டுப்பாட்டு இழை நிறையை நினைவகத்தில் ஒரு வட்டவரிசையில் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போகும். எழுதும் இழை தன் ஆறுதலில் அதிலிருந்து எடுத்து எழுதும். அட்டை தூங்கினால் வட்டவரிசை கொஞ்சம் வீங்கும், பிறகு வடியும்.

அதே கையோடு மற்றச் சில்லறை வேலைகளையும் முடித்தேன். வேலை குறையும்போது வேகத்தைக் குறைத்துச் சோம்பல் விடும் செயலியை ஒரே வேகத்தில் நிறுத்தினேன். கட்டுப்பாட்டு இழையின் நினைவகத்தைப் பூட்டி, அதற்கு நிகழ்நேர முன்னுரிமை கொடுத்தேன். லினக்ஸின் கருவையும் (கேர்னல்), குறித்த நேரத்துக்குள் பதில் தர உதவும் நிகழ்நேரத் திருத்தத்துடன் மாற்றினேன். பல்லாண்டுகள் தனியாகப் பராமரிக்கப்பட்ட அந்தத் திருத்தம் 2024இல் லினக்ஸ் 6.12 உடன் பிரதான கருவுக்குள்ளேயே வந்துவிட்டது. ஒன்றாம் வரிசையின் பழைய தராசு இன்னும் சீரியல் கம்பியில்தான் பேசும். அங்கே யாரோ வேகத்தை செக்கனுக்கு 9600 பிட்டில் விட்டுப் போயிருந்தார்கள், 8 பைட் கேள்வி கம்பியில் ஏறவே 9 மில்லிசெக்கன். இடையில் இருந்த யூஎஸ்பி மாற்றியோ வந்த பைட்டுகளை 16 மில்லிசெக்கன் வரை சேர்த்துவைத்துத்தான் கொடுக்கும், தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அந்த அமைப்பு. இன்னொரு தனியார் பஸ். அதை 1 ஆக்கினேன்.

இவ்வளவும் செய்து, எண்களைத் தாளில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு போய் மூத்தவரிடம் விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார். அவருடைய அம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் தராசடியில் கழித்த கிலோக்களைப் பற்றி அவர் சொல்லும்போது அந்தக் கோபம் இன்னும் சுடும். தராசு சொல்வதை அப்படியே நம்பும் குடும்பத்தில் அவர் பிறக்கவில்லை. எல்லாம் கேட்டபின், "ஒரு விஷயம் கேட்கலாமா தங்கச்சி?" என்றார். மிஸ் போய்த் தங்கச்சி வந்ததைக் கவனித்தேன்.

"நிறை குறைந்தது என்று தெரிந்தவுடன் நீங்கள் நேரத்தை எண்ணத் தொடங்குகிறீர்கள். இவ்வளவு நேரம் கழித்து ஊது என்கிறீர்கள். பெல்ட் இடையில் நின்றால்?"

நான் பேசவில்லை.

"இதற்கு முதல் இருந்த பழைய மெஷினில் ஒரு சக்கரம் இருந்தது. சுற்றிவர ஊசிகள். பெல்ட்டின் உருளையோடு சேர்ந்துதான் சுற்றும். நிறை குறைந்த பக்கற் வந்தால் ஓர் ஊசியைத் தள்ளிவிடும். சக்கரம் சுற்றி அந்த ஊசி கீழே வரும்போது நெம்பைத் தட்டும், பக்கற் விழும். கரண்ட் போனால் பெல்ட்டும் நிற்கும், சக்கரமும் நிற்கும். ஜெனரேற்றர் வந்தால் இரண்டும் சேர்ந்து ஓடும். அதற்குக் கணக்கெல்லாம் தெரியாது."

அதற்கு நேரமே தெரியாது. தூரம் மட்டும்தான் தெரியும். நான் மூன்று வாரமாக நேரத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். பக்கற் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. செய்தி எப்போது வந்தது என்பதை வைத்து அதை ஊகித்துக்கொண்டிருந்ததே அடிப்படைப் பிழை.

உருளையில் ஒரு என்கோடர் பூட்டினோம்; பெல்ட் ஒரு மில்லிமீற்றர் நகர்ந்தால் ஒரு துடிப்பு. தராசின் வாயில் ஓர் ஒளிக்கண். பக்கற் ஒளிக்கண்ணைக் கடக்கும் கணத்தில் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்கிறோம். இரண்டும் நேராகக் கன்ட்ரோலரின் உள்ளீட்டில், வலையமைப்பில் அல்ல. நிறை எப்போது வந்து சேர்ந்தாலும் அந்தப் பக்கற்றின் பெயரில் எழுதிக்கொள்வோம். எண்ணிக்கை 620 கூடியதும் ஊதுவோம். இப்போது நிறைச் செய்திக்கு வந்து சேர 1.24 செக்கன் அவகாசம் இருக்கிறது. பழைய 123 மில்லிசெக்கனுடனும், ஏன், தூங்குமூஞ்சி அட்டையுடனும்கூட இந்த முறை சரியாக ஓடியிருக்கும். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

ஒன்று மட்டும் இடையில் சொல்லிவைக்கிறேன், சிலர் இதை வாசித்துவிட்டுத் தவறான இடத்தில் துணிந்துவிடக் கூடாது. அந்தச் சிவப்பு ஆளி வலையமைப்பில் இல்லை, என் நிரலிலும் இல்லை. மோட்டரின் மின்னை அது நேரடியாகத் துண்டிக்கும். அங்கே மில்லிசெக்கன் பேச்சுக்கே இடமில்லை.

பிறகு அந்த மூன்று வாரம் வீணா என்று என்னை நானே கேட்டுக்கொண்டே இருந்தேன். போன மாதம் பதில் மாதிரி ஒன்று வந்தது. மூன்றாவது வரிசை போடுகிறார்கள். பெல்ட் செக்கனுக்கு 1 மீற்றர். மாற்று விகிதம் இப்போது மில்லிசெக்கனுக்கு ஒரு முழு மில்லிமீற்றர். கட்டடத்தில் இடம் குறைவு, ஆகவே தராசுக்கும் காற்றுக்குழலுக்கும் இடையில் 18 சென்ரிமீற்றர்தான் வரைபடத்தில் இருக்கிறது. மொத்த அவகாசம் 180 மில்லிசெக்கன். தராசு தன் அதிர்வுகளை வடிகட்டி நிறையை வெளியிடவே 110 எடுக்கிறது. காற்று வால்வு திறக்க 20. எனக்கு மிஞ்சுவது 50. முன்பிருந்த நிரலைப் போட்டிருந்தால் மூன்று கேள்வி கேட்டு முடிவதற்குள் பக்கற் பெட்டிக்குள் போயிருக்கும். இப்போதைய நிரல் அந்த 50க்குள் வசதியாகப் பொருந்துகிறது, ஒரு நாளும் எதுவும் தூங்காவிட்டால்.

காற்றுக்குழலை இன்னும் 10 சென்ரிமீற்றர் தள்ளிவைக்க முடியுமா என்று வரைபடக்காரரிடம் கேட்டிருக்கிறேன். 10 சென்ரிமீற்றர் என்றால் 100 மில்லிசெக்கன். எந்தக் கருவை மாற்றினாலும் எனக்கு அவ்வளவு கிடைக்காது. அந்த இடத்தில் ஒரு தூண் வருகிறதாம். பார்த்துச் சொல்கிறேன் என்றார்.